கொங்குப் பாறையும் அயல்நாட்டுச் சம்பளமும்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் மாவட்டங்களை உள்ளடக்கிய கொங்கு நாடு ஏறத்தாழ முழுவதும் கடினப்பாறைப் பரப்பாகும். அதாவது, கடலடியிலும் ஆற்றுப்படுகையிலும் மணலும் சேறும் படிந்து இறுகிய படிவுப் பாறைகள் இங்கே இல்லையென்றே சொல்லலாம். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ், சார்னோக்கைட் போன்ற பாறைகளே, அவற்றுள் பலவும் ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையனவாக, குன்றுகளிலும் கிணற்றுச் சுவர்களிலும் வெளித்தெரிகின்றன. இப்பகுதியில் நிலவியல் பட்டம் பெறும் இளைஞர்களில் பலர் வெளிநாட்டு வேலை என்றவுடன் வளைகுடாவின் எண்ணெய் வயல்களையே முதலில் எண்ணுகிறார்கள். எண்ணெயோ படிவுப் பாறைகளில் தங்குவது. அத்தகைய பாறையை நேரில் காணக் கொங்கு மாணவர் அரியலூர் வரை களப்பயணம் போக வேண்டியிருக்க, குரோமியம், இரும்பு, மணிக்கற்கள், கடினப்பாறை நிலத்தடி நீர் ஆகியவற்றைத் தேடும் தொழிலுக்குரிய பாறைகள் அவர் ஊருக்கு அருகிலேயே கிடக்கின்றன. கையருகே இருக்கும் பயிற்சியை விட்டுவிட்டுத் தொலைவில் உள்ளதை நாடும் இந்தப் பழக்கம், வெறும் பணக் கணக்காகப் பார்த்தாலும் நட்டமானது.

உள்நாட்டு வேலையின் அளவை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனத்துக்கும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்துக்கும் ஆள் எடுக்க மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். தேர்ச்சி பெற்றவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 56,100 ரூபாய், அதன்மேல் படிகள். மதிப்பும் பாதுகாப்பும் உள்ள பணிதான். ஆனால் வேதியியலாளர், புவி இயற்பியலாளர் இடங்களையும் சேர்த்து 2023ஆம் ஆண்டுத் தேர்வுக்கு நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டவை 285 இடங்கள். 2024இல் அது 56 ஆகச் சுருங்கியது. தனியார் பக்கம் திரும்பினால் மதுக்கரை, சங்ககிரி சிமென்ட் ஆலைகளின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், சேலத்து வெள்ளைக்கல் சுரங்கங்கள், கிரானைட் குவாரிகள் என்று சில வாயில்கள் உண்டு. அவற்றில் பலவற்றில் நிலவியலாளர் என்பவர் சட்டம் கேட்பதால் வைத்துக்கொள்ளப்படும் ஒருவர். ஆகவே வெளிநாட்டை நோக்குவதை ஆசை என்று சொல்வதைவிட இடப்பற்றாக்குறையின் விளைவு என்று சொல்வதே பொருந்தும்.

சேலம் அரசு கலைக் கல்லூரியிலோ பெரியார் பல்கலைக்கழகத்திலோ நிலவியல் படிப்பவருக்கு வாய்த்திருக்கும் களம் எத்தகையது என்பதை அவர்களே முழுதாக உணர்வதில்லை. சேலம் நகரையொட்டிய சுண்ணாம்புக் கரடுகளில், பூமியின் மேலோட்டுக்குக் கீழிருந்து வந்த டியூனைட் என்னும் பாறை சிதைந்து மேக்னசைட் நரம்புகளாக வெளுத்துக் கிடப்பதை வகுப்பு முடிந்து போய்ப் பார்த்துவரலாம். கஞ்சமலையில் காந்தக்கல் இரும்புத்தாதுவும் குவார்ட்சும் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் பில்பராவில் மலை மலையாக வெட்டப்படும் இரும்புத்தாதுவும் இத்தகைய பட்டை இரும்புப் பாறைகளிலிருந்து பிறந்ததே. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை குரோமைட் அடுக்குகளோடு காணப்படுகிறது. நிலவின் மேட்டுநிலம் இதே வகைப் பாறையாலானது என்பதால், சந்திரயான்-2 தரையிறங்கு கலத்தைச் சோதிப்பதற்குரிய செயற்கை நிலவு மண்ணை இஸ்ரோ இங்கிருந்து எடுத்த பாறையைப் பொடித்தே உருவாக்கியது. செய்தித்தாள்கள் நிலவுச் செய்தியோடு நின்றுவிட்டன. கிரீன்லாந்தின் ஃபிஸ்கெனெஸ்ஸெட் பாறைத் தொகுதியோடு ஒப்பிட்டு உலக ஆய்வாளர்கள் எழுதும் இடம் இது என்பதும், பிளாட்டினத் தொகுதி உலோகங்களுக்காக இங்கே ஆய்வுத் துளைகள் இடப்பட்டன என்பதும் வேலை தேடும் மாணவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்திகள்.

கொங்குக் கல் கடல் கடந்த வரலாறும் பழையது. காங்கேயத்தை அடுத்த படியூரில் கிடைத்த பச்சைநீலக் கற்களும் பிற மணிக்கற்களும் நொய்யல் வடகரைக் கொடுமணலில் மணிகளாக இழைக்கப்பட்டு மேலைக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியே ரோமானிய உலகுக்குச் சென்றதற்கு, அவ்வூர் அகழாய்வில் கிடைத்த முற்றுப்பெறாத மணிகளும் கோவைப் பகுதியில் தொடர்ந்து கிடைத்துவரும் ரோமானியக் காசுகளும் சான்று. படியூர்க் கல் பெரில் என்னும் கனிம இனம். சாம்பியாவின் ககெம் சுரங்கத்தில் இன்று வெட்டப்படும் மரகதமும் அதே இனம்தான்.

இந்த ஒற்றுமைகளுள் சில தற்செயலானவை அல்ல. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியா, இலங்கை, மடகாஸ்கர், கிழக்கு ஆப்பிரிக்கா ஆகியவை கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டிக் கிடந்தன. அவை ஒட்டிய தையல்களுள் ஒன்றாக நிலவியலாளர் கருதும் பாலக்காடு–காவிரி நறுக்கு மண்டலம், அதாவது நிலத்தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகர்ந்ததால் பாறைகள் நசுங்கி நீண்ட பட்டை, கொங்கு நாட்டின் ஊடாகவே செல்கிறது. பவானியிலும் நாமக்கல்லிலும் இப்பட்டையின் பாறைகளைப் பிரித்தறியப் பழகியவருக்கு மடகாஸ்கரின் கிராஃபைட் பகுதியோ மொசாம்பிக்கின் மாணிக்கப் பகுதியோ முற்றிலும் அந்நியமான நிலமாக இராது. நேர்காணலில் இதைச் சொல்லத் தெரிந்த பட்டதாரி, மதிப்பெண் பட்டியலை மட்டும் நீட்டுபவரைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.

ஆப்பிரிக்காவுக்கும் கொங்குக்கும் இடையே இன்னொரு தொடர்பு நீரால் ஏற்பட்டது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நிலப்பரப்பில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொங்கைப் போன்ற கடினப்பாறைதான். இத்தகைய நிலத்தில் நீர், மேலே சிதைந்த பாறை அடுக்கிலும் அதற்குக் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும் என்பதால், பத்தடி தள்ளித் துளையிட்டால்கூடப் புழுதி மட்டும் வரலாம். 1970களில் யூனிசெஃப் துணையுடன் உருவான இந்தியா மார்க் 2 கைப்பம்பு அக்கண்டத்தின் பல நாடுகளில் ஊன்றப்பட்டது. அதைக் கிராமத்தாரே பழுதுபார்க்கும்படி திருத்தியமைத்த மார்க் 3 வடிவம், 1980களில் கோவை மாவட்டத்துக் கிராமங்களில் உலக வங்கியும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் நடத்திய களச்சோதனையிலிருந்து பிறந்தது. ரிக் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டிலிருந்து துளையிடும் எந்திரங்களும் அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் வட இந்தியாவுக்கும் ஆப்பிரிக்க நாடுகளுக்கும் போவது ஊரறிந்த செய்தி.

ரிக் போன வழியில் நிலவியலாளர் அதே அளவில் போகவில்லை என்பதுதான் வியப்பு. இதற்குக் காரணம் உள்ளூர் வழக்கத்திலேயே இருக்கலாம்: தோட்டத்தில் போர் போடுகிறவர் உள்ளங்கையில் தேங்காயோடு நடக்கும் நீரோட்டம் பார்ப்பவரை நம்பும் அளவுக்கு மின்தடை அளவியை நம்புவதில்லை, அந்தக் கருவி, நிலத்துக்குள் மின்னோட்டம் செலுத்தி, ஈரமான பாறையும் உலர்ந்த பாறையும் காட்டும் தடை வேறுபாட்டிலிருந்து வெடிப்பின் ஆழத்தை மதிப்பிட உதவுவது. ஆப்பிரிக்காவில் நிலைமை வேறு. அங்கே கிராமக் குடிநீர்த் துளைகளுக்குப் பணம் தருவோர் பெரும்பாலும் பன்னாட்டு வங்கிகளும் உதவி அமைப்புகளும் என்பதால், இடத்தேர்வு அறிக்கை, துளையிடும்போது அடிக்கு அடி எழுதிய பாறைக் குறிப்பு, நீரேற்றுச் சோதனை, நீர்த்தர ஆய்வு என ஒவ்வொன்றுக்கும் தாள் கேட்பார்கள். அத்தாள்களை எழுத நீர் நிலவியலாளர் ஒருவர் இல்லாமல் ஒப்பந்தக்காரருக்குப் பட்டியல் தொகை வராது. ஆயிரம் அடிக்குக் கீழேயும் நீர் தேடும் கோவைப் பகுதியில் ஓரிரு ஆண்டு ரிக் அருகே நின்று குறிப்பெழுதியவர், இருநூறு அடிக்குள் முடிந்துவிடும் கைப்பம்புத் துளைகளைக் கண்டு திணறப் போவதில்லை.

அந்த ரிக் அனுபவம் தங்கச் சுரங்க வேலைக்கும் கைகொடுக்கும். ஆஸ்திரேலியாவிலும் கானா, தான்சானியா போன்ற நாடுகளிலும் தங்கத் தேட்டத்தில் பெருவழக்காக உள்ள எதிர்ச்சுழற்சித் துளையிடல், போர் வண்டியின் சம்மட்டியையும் கம்ப்ரசர் காற்றையும் கொண்டே நடப்பது. வேறுபாடு என்னவென்றால், அங்கே குழாய் இரட்டைச் சுவருடையது, பாறைத் தூள் உட்குழாய் வழியாக மேலே வருவதால் ஓர் ஆழத்தின் தூள் மற்றோர் ஆழத்தின் தூளோடு கலக்காது. ஒவ்வொரு மீட்டருக்கும் வரும் தூளைச் சலித்து, கழுவி, என்ன பாறை, என்ன கனிமம், எவ்வளவு சிதைவு என்று பதிவது இளநிலை நிலவியலாளரின் முதல் வேலை. ஆய்வகத்தை நம்பலாமா என்று சோதிக்க, தங்கமே இல்லாத மாதிரியையும் அளவு முன்பே தெரிந்த மாதிரியையும் இடையிடையே செருகி அனுப்புவதும் அவர் பொறுப்பு. வேலை எளிது போலத் தோன்றினாலும், பல கோடி டாலர் முதலீடு இந்தப் பதிவேட்டின்மேல்தான் நிற்கிறது.

சம்பளம் எங்கே பிரிகிறது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. 1997இல் பிரீ-எக்ஸ் என்ற கனடா நிறுவனம், போர்னியோத் தீவின் புசாங்கில் உலகின் மிகப்பெரிய தங்கப் படிவு ஒன்றைக் கண்டதாகச் சொன்னது பொய் என்று அம்பலமானது; மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கத்தூள் கலக்கப்பட்டிருந்தது. முதலீட்டாளர்கள் இழந்த பெருந்தொகையின் எதிரொலியாக, கனடா 2001இல் கனிம அறிக்கைகளுக்கான 43-101 எனும் விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் 1989 முதலே ஜோர்க் என்ற விதித்தொகுப்பு உண்டு. இரண்டின் சாரமும் ஒன்றே: பங்குச்சந்தையில் உள்ள ஒரு நிறுவனம் தன் நிலத்தில் இத்தனை டன் தாது உள்ளதென்று அறிவிக்க வேண்டுமானால், ஏற்கப்பட்ட தொழில்முறைக் கழகத்தில் உறுப்பினராகவும் துறையில் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுடையவராகவும் உள்ள ஒருவர் தம் பெயரில் கையெழுத்திட வேண்டும்.

ஆக, ஒரே சுரங்கத்தில், ஒரே பாறையைப் பார்க்கும் இரண்டு நிலவியலாளர்களில் ஒருவர் பதிவேடு எழுதும் கூலியும் மற்றவர் கையெழுத்தின் கூலியும் பெறுகிறார்கள். கொங்கு நாட்டிலிருந்து போகிறவர்கள் எந்த நாடு எவ்வளவு தரும் என்று விசாரிப்பதில் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது, ஐந்தாண்டில் எந்தக் கழகத்தில் உறுப்பினராகலாம் என்று விசாரிப்பதில் காட்ட வேண்டும். ஆஸ்திரேலேசியச் சுரங்க, உலோகவியல் நிறுவனமும் ஆஸ்திரேலிய நிலவியலாளர் நிறுவனமும் அந்நாட்டில் குடியிராதவர்களையும் உறுப்பினராக ஏற்கின்றன; லண்டன் நிலவியல் கழகம் பட்டய நிலவியலாளர் என்ற தகுதியை வழங்குகிறது. கனடாவில் மாகாணந்தோறும் உரிமம் தனி. நான்காண்டுப் பட்டத்தை அளவுகோலாகக் கொண்ட அந்நாட்டு மதிப்பீட்டில் நமது மூன்றாண்டு இளநிலைப் பட்டம் தனியாக நிற்பது கடினம், முதுநிலையும் சேர்ந்தால்தான் வழக்கு வலுப்பெறும். முதுநிலை படிக்காமல் புறப்படும் அவசரம் பின்னால் பல ஆண்டுச் சம்பள வேறுபாடாக வந்து சேர்கிறது.

தொகைகளைப் பொறுத்தவரை, நண்பரின் நண்பர் சொன்ன எண்களைவிட அரசுகள் விதித்துள்ள அடிமட்ட எண்கள் நம்பத்தக்கவை. ஆஸ்திரேலியாவில் நிறுவனத்தின் ஆதரவுடன் வேலை விசா பெறுவதற்கான பொதுவான குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 2025 ஜூலை முதல் 76,515 ஆஸ்திரேலிய டாலர். இதன்மேல் ஓய்வூதிய நிதியாக 12 விழுக்காட்டை நிறுவனம் தனியே செலுத்த வேண்டும். நாட்டைவிட்டு நிலையாகத் திரும்பும்போது தற்காலிக விசாக்காரர் அதைக் கேட்டுப் பெறலாம், ஆனால் பொதுவாக 35 விழுக்காடு வரியாகப் போய்விடும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 2023 மே மாதத்துக்கு வெளியிட்ட கணக்கில் புவி அறிவியலாளரின் இடைநிலை ஆண்டு ஊதியம் 92,580 அமெரிக்க டாலர். அங்கே பல மாநிலங்களில் தேர்வெழுதி உரிமம் பெற வேண்டும் என்பதையும், விசா என்னும் தனிப் பெருஞ்சுவரையும் இந்த எண்ணோடு சேர்த்தே படிக்க வேண்டும். சிங்கப்பூரில் நிலத்தடியில் சுரங்க ரயில் பாதைகள் குடையப்படுவதால் கட்டுமான நிலவியலாளருக்கு வேலை உண்டு. வேலைவாய்ப்பு அனுமதிச்சீட்டுக்கான குறைந்தபட்ச மாத ஊதியம் 2025 முதல் 5,600 சிங்கப்பூர் டாலர், வயது கூடக்கூட இந்த வரம்பும் கூடும்.

புதிதாகத் திறந்துள்ள ஒரு வழி கொங்கு மாணவரிடையே போதிய அளவு பேசப்படுவதாகத் தெரியவில்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 2024 டிசம்பரில் தொடங்கிய மேட்ஸ் என்னும் திட்டத்தில், 30 வயதுக்கு மேற்படாத இந்தியப் பட்டதாரிகள் ஆண்டுக்கு 3,000 பேர் வரை, நிறுவனத்தின் ஆதரவு இல்லாமலே இரண்டாண்டு அங்கே தங்கி வேலை செய்யலாம். அனுமதிக்கப்பட்ட துறைகளுள் சுரங்கத்துறையும் ஒன்று. படித்த நிறுவனம் தேசியத் தரவரிசையில் முதல் நூறுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு என்பதால், முதுநிலைக்கு இடம் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இதை மனத்தில் வைப்பது நல்லது.

வளைகுடாவின் எண்ணெய்த் துறையை முற்றாக ஒதுக்கச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. மட்லாகிங் எனப்படும் வேலை, துளையிலிருந்து சேற்றோடு மேலே வரும் பாறைத் துணுக்குகளையும் வாயுவையும் இரவு பகலாகக் கண்காணிப்பது. அனுபவமற்ற நிலவியல் பட்டதாரிக்கு எண்ணெய் வயலில் கிடைக்கும் முதற்கதவு இதுவே. அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் ரிக்கில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப்படியாகவும் ஊதியம் அமைவது வழக்கம். எனவே ரிக் நின்றால் வருமானம் பாதியாகும். 28 நாள் வேலை, 28 நாள் ஊர் என்ற சுழற்சியில் ஒரு வரிச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. வெளிநாட்டில் வேலைசெய்யும் இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்குமேல் இந்தியாவில் தங்கினால் குடியிருப்பவராகக் கருதப்பட்டு, அயல்நாட்டு வருமானத்துக்கும் இங்கே வரி கட்ட நேரிடும். 364 நாளை இரண்டாகப் பிரித்தால் வருவது சரியாக 182. வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் கணக்கில் சேரும் என்பதால், ஊர்த் திருவிழாவுக்காக இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியவர் ஓராண்டுச் சேமிப்பில் கணிசமானதை இழக்கக்கூடும்; கடவுச்சீட்டு முத்திரைகளை எண்ணிவருவது இத்தொழிலின் ஒரு பகுதி.

கனிமத் தொழிலின் சம்பளம் பயிர்விலையைப் போலவே ஏறி இறங்கும் என்பது வேளாண் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு எளிதில் விளங்கும். 2014 நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்த பிரென்ட் கச்சா எண்ணெய் 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனபோது, முதலில் நிறுத்தப்பட்டவை புதுத் துளைகள். முதலில் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் அத்துளைகளில் நின்றவர்கள். உலோகத் தேட்டத்திலும் கதை அதுவே. விலை உச்சத்தில் இருக்கும்போது வரும் சம்பளத்தை நிலையான வருமானமாக எண்ணி, கோவையில் மாதத் தவணைக்கு வீடு வாங்குவது இத்துறையில் அடிக்கடி நிகழும் தவறு. இதற்கு மாறாக நிலத்தடி நீர் வேலை சந்தை விலையோடு அவ்வளவாக ஆடுவதில்லை. ஊதியம் குறைவு, ஆனால் வறட்சி ஆண்டில் வேலை கூடும்.

பெண் பட்டதாரிகளுக்கு ஒரு செய்தி: இந்தியாவில் நிலத்தடிச் சுரங்கத்தில் பெண்கள் பணியாற்ற 2019இல்தான் அனுமதி வந்தது, ஆஸ்திரேலிய, கனடாச் சுரங்க முகாம்களில் பெண் நிலவியலாளர் இருப்பது நெடுங்கால வழக்கம். வீட்டாரின் தயக்கத்தைத் தவிர வேறு தடை அங்கே பெரிதாக இல்லை.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை பல. இரண்டை மட்டும் சொன்னால் போதும். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அது போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் செல்லும் என்பதால், பயணச்சீட்டு வாங்கிய பிறகு சென்னை கிண்டி கிங் நிறுவனத்துக்கு ஓடுவதில் பயனில்லை. மற்றொன்று முகவர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் முகவர் வெளியுறவு அமைச்சகத்திடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் எவரும் இலவசமாகச் சரிபார்க்கலாம். 1978 முதல் இயங்கும் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் உள்ளது. பதிவு பெற்ற முகவர் வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம், விதிப்படி, 30,000 ரூபாயும் அதற்குரிய சரக்கு சேவை வரியும்தான். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் கடவுச்சீட்டைக் கொடுக்காதீர்கள்.